விலக்கப்பட்ட ஆட்டமும் பச்சைத் தொப்பிப் படையும்

2007 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில் இருக்கும் கென்சிங்டன் ஓவல் மைதானம். உலகக் கோப்பை அட்டவணை வெளியான நாளிலிருந்தே இந்திய, பாகிஸ்தான் ரசிகர்கள் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்த தேதி அது. முதல் சுற்றைத் தாண்டினால் இரு அணிகளும் சூப்பர் எட்டுச் சுற்றில் மோத வேண்டிய இடம் அதுதான். தாண்டாமல் போய்விடும் என்று யாரும் நினைக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தவர்கள்கூட மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அன்று காலை மைதானத்தில் இறங்கியவையோ அயர்லாந்தும் வங்கதேசமும்.

இந்தியாவும் பாகிஸ்தானும் அதற்கு மூன்று வாரங்கள் முன்பே வீடு திரும்பியிருந்தன. அந்த இரண்டு நாட்டு ரசிகர்களும் ரத்து செய்த அறைகளிலும், அவர்கள் வராமல் காலியாகக் கிடந்த இருக்கைகளிலும் பச்சைச் சட்டை போட்ட ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. ‘பிளார்னி ஆர்மி’ என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள். இரண்டு வார விடுமுறையில் வந்து, ஐந்தாவது வாரத்திலும் ஊர் திரும்ப மனமில்லாதவர்கள் அவர்களுள் இருந்தார்கள். அன்று அயர்லாந்து 243 ரன் எடுத்தது. தொடக்க ஆட்டக்காரர் வில்லியம் போர்ட்டர்ஃபீல்ட் 85. வங்கதேசம் 169 ரன்னில் சுருண்டது.

கத்துக்குட்டி அணி ஒன்று பெரிய அணியைச் சாய்ப்பது கிரிக்கெட்டில் அவ்வப்போது நடப்பதுதான். அயர்லாந்து விஷயத்தில் வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அணி ஜெயித்ததைவிட, அந்த அணிக்கு என்று ஒரு ரசிகர் கூட்டம் இருந்ததே பெரிய அதிசயம். அந்த ஊரில் கிரிக்கெட்டை வேடிக்கை பார்ப்பதே குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது அதிக தூரத்தில் இல்லை. 2007இல் கரீபியன் மைதானங்களில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரர்கள் தங்கள் இளமையில் கண்ட காலம்தான்.

அயர்லாந்துக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களும் நிலப்பிரபுக்களும். 1792இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் படைமுகாம் அணியும் ‘அனைத்து அயர்லாந்து’ அணியும் ஆடிய ஆட்டமே பதிவில் இருக்கும் முதல் ஆட்டம். 1830இல் ஃபீனிக்ஸ் கிளப் தொடங்கியது; இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. அயர்லாந்து என்ற பெயரில் ஓர் அணி 1855இல் களமிறங்கியது. வந்த வழி இப்படி என்றாலும், ஆட்டம் மாளிகைத் தோட்டங்களோடு நின்றுவிடவில்லை. 1870களில் கில்கென்னி, டிப்பரேரி போன்ற மாவட்டங்களின் கிராமங்களில் பண்ணைத் தொழிலாளிகளும் குத்தகை விவசாயிகளும் ஆடினார்கள். இன்று ஹர்லிங் என்ற மரபு ஆட்டத்தின் கோட்டை என்று சொல்லப்படும் அதே கில்கென்னியில், அன்று ஊருக்கு ஊர் கிரிக்கெட் அணி இருந்தது. அயர்லாந்தின் தன்னாட்சிக்காக நாடாளுமன்றத்தை உலுக்கிய சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல், விக்லோ மாவட்ட அணிக்குத் தலைமை தாங்கி ஆடியவர்.

பிறகு நிலப் போராட்டம் வந்தது. 1879க்குப் பிந்தைய ஆண்டுகளில் குத்தகைதாரர்களும் நிலப்பிரபுக்களும் நேருக்கு நேர் நின்றபோது, பண்ணையார் வீட்டுப் புல்வெளியில் அவர் மகனுடன் சேர்ந்து பந்து போடுவது ஒரு குடியானவனுக்கு இயலாத காரியம் ஆயிற்று. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஒரு ஹோட்டலில் மைக்கேல் குசாக்கும் நண்பர்களும் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும் மீட்டெடுப்பது நோக்கம். குசாக் ஒரு காலத்தில் கிரிக்கெட்டை விரும்பி ஆடியவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வெறுத்தது ஆட்டத்தை என்பதைவிட, அந்த ஆட்டத்தின் பின்னால் நின்ற ஆட்சியை என்று கொள்வதே பொருத்தம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சங்கம் அந்நிய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. கிரிக்கெட், ரக்பி, கால்பந்து, ஹாக்கி நான்கும் விலக்கப்பட்டவை. அவற்றை ஆடும் உறுப்பினர் நீக்கப்படுவார். போய்ப் பார்த்தாலும் நீக்கப்படுவார். யார் எந்த மைதானத்துக்குப் போகிறார்கள் என்று கண்காணிக்கக் குழுக்கள் இருந்தன. 1938இல் நாட்டின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், பதவி முறையில் ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போனார். ஐரிஷ் மொழி மறுமலர்ச்சிக்கு வாழ்நாளைக் கொடுத்த மனிதர் அவர். சங்கம் அவரைப் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கியது. குடியரசுத் தலைவருக்கே இந்தக் கதி என்றால், கில்கென்னியில் கிரிக்கெட் பார்க்க ஆசைப்பட்ட ஓர் இளைஞன் என்ன செய்திருப்பான்? கிராமத்துக் கிரிக்கெட் அணிகள் அடுத்தடுத்து மறைந்தன.

தடை நீங்கியது 1971இல். அதுவரை ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் டப்ளினின் சில கிளப்புகள், சில பள்ளிகள், டிரினிட்டி கல்லூரி, வட அயர்லாந்தின் ஆலை ஊர்கள், டப்ளினுக்கு வடக்கே ஃபிங்கல் பகுதியின் விவசாயக் கிராமங்கள். நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக 1925, 1926 ஆண்டுகளில் இரண்டு முதல்தர ஆட்டங்கள் ஆடினார். நோபல் பரிசு பெற்றவர்களில் முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர் அவர் ஒருவரே. ஆனால் பெக்கெட்டை வைத்து ஐரிஷ் கிரிக்கெட்டைச் சீமான்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஃபிங்கல் பகுதியில் அது உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடுபவர்களின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பின்னாளில் அயர்லாந்து அணிக்கு மூனி சகோதரர்களையும், இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையே வென்று கொடுத்த இயான் மோர்கனையும் தந்தது அந்த மண்.

தடைக்காலத்தின் இறுதியில் ஒரு வெற்றி வந்தது. 1969 ஜூலை 2. லார்ட்ஸ் டெஸ்டை முந்தைய நாள்தான் முடித்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி, வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் சயன் மில்ஸ் என்ற லினன் ஆலை ஊருக்கு ஒருநாள் ஆட்டத்துக்கு வந்தது. ஈரம் காயாத ஆடுகளம். கிளைவ் லாயிட் ஆடிய அந்த அணி 12 ரன்னுக்கு 9 விக்கெட் இழந்து, கடைசியில் 25 ரன்னில் ஆட்டமிழந்தது. கேப்டன் டக்கி குட்வின் 6 ரன் மட்டுமே கொடுத்து 5 விக்கெட், அலெக் ஓ ரியோர்டன் 4 விக்கெட். உலகமே ஒரு நாள் திரும்பிப் பார்த்தது, மறுநாள் மறந்தும்போனது. அடுத்த மாதமே வட அயர்லாந்தில் கலவரம் வெடித்து, முப்பது ஆண்டுகள் நீடித்த துயரம் தொடங்கியது. அந்த முப்பது ஆண்டுகளிலும் கிரிக்கெட் அணி மட்டும் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் ஆள் எடுத்து ஒரே அணியாகவே ஆடியது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் ஒரே ஓய்வறையில் உடை மாற்றினார்கள். ஐரிஷ் கிரிக்கெட்டின் வரலாற்றில் எந்த வெற்றியையும்விட இதுதான் பெருமைக்குரியது.

ஒரு நாளின் பரபரப்பு ரசிகர் கூட்டத்தை உருவாக்காது. அதற்குத் தொடர்ந்து ஆட ஒரு மேடை வேண்டும். அந்த மேடைக்கான வாசல் அயர்லாந்துக்கு நெடுநாள் திறக்கவில்லை. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலில் (ஐசிசி) இணை உறுப்பினராக இடம் கிடைத்ததே 1993இல். 1997இல் கோலாலம்பூரில் நடந்த, உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியான ஐசிசி டிராபியின் அரையிறுதியில் கென்யாவிடம் 7 ரன்னில் தோற்று, பிறகு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடமும் தோற்று, 1999 உலகக் கோப்பை கைநழுவியது. அந்த உலகக் கோப்பையின் ஓர் ஆட்டம் டப்ளின் கிளான்டார்ஃப் மைதானத்தில் நடந்தது: வங்கதேசம், மேற்கிந்தியத் தீவுகள். சொந்த ஊரில் பந்தி விரித்துவிட்டு, வாசலில் நின்று பார்த்தார்கள் ஐரிஷ் ரசிகர்கள்.

2005இல் ஐசிசி டிராபியே அயர்லாந்தில் நடந்தது. இறுதி ஆட்டம் வரை சென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதற்குப் பெரிதும் உழைத்த இடதுகை ஆட்டக்காரர் எட் ஜாய்ஸ், உலகக் கோப்பை வந்தபோது இங்கிலாந்து அணியில் இருந்தார். டெஸ்ட் ஆட விரும்பும் ஐரிஷ்காரருக்கு அன்று இருந்த ஒரே வழி அது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்த வழியை மட்டுமே விட்டுவைத்த அமைப்பின் மீது.

2007 அணியில் தபால்காரர் இருந்தார், எலெக்ட்ரீஷியன் இருந்தார், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். கேப்டன் ட்ரென்ட் ஜான்ஸ்டன் ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஐரிஷ் பெண்ணை மணந்து டப்ளினில் குடியேறியவர். பயிற்சியாளர் ஏட்ரியன் பிரெல் தென்னாப்பிரிக்கர். முதல் சுற்று ஆட்டங்கள் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், சபைனா பார்க் மைதானத்தில். எதிரிகள் ஜிம்பாப்வே, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள். மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு, கொஞ்சம் ரம் குடித்து, வெயில் காய்ந்துவிட்டு ஊர் திரும்புவதுதான் உடன் வந்த ரசிகர்களின் திட்டம். வீரர்களின் குடும்பத்தினர், கிளப் நண்பர்கள், பழைய ஆட்டக்காரர்கள் கலந்த கூட்டம் அது.

மார்ச் 15 அன்று ஜெரமி பிரே 115 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நிற்க, அயர்லாந்து 221. ஜிம்பாப்வே எளிதாகத் துரத்திக்கொண்டிருந்தது. கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். பந்து வீசியவர் ஆசிரியரான ஆண்ட்ரூ வைட். கடைசிப் பந்தில் ரன் அவுட். இரு அணியும் 221; ஆட்டம் டை.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 17, சனிக்கிழமை. ஐரிஷ்காரர்களின் தேசியத் திருநாளான புனித பேட்ரிக் நாள். ஆடுகளமும் வழக்கத்துக்கு மாறாகப் பச்சைப் புல்லோடு இருந்தது. டாஸ் ஜெயித்த ஜான்ஸ்டன் தயங்காமல் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். பாய்ட் ரேங்கின் 3 விக்கெட் எடுக்க, பாகிஸ்தான் 132 ரன்னுக்குச் சுருண்டது. மழை குறுக்கிட்டு இலக்கு 47 ஓவரில் 128 என்று மாறியது. விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு பக்கம் நியால் ஓ பிரையன் 72 ரன் எடுத்துத் தாங்கினார். வெளிச்சம் மங்கிய நேரத்தில் ஜான்ஸ்டன் சிக்ஸர் அடித்து முடித்துவைத்தார். டப்ளினில் அப்போது இரவு. அன்றே ரோமில் ரக்பி அணி இத்தாலியை வென்றும் ஆறு நாடுகள் கோப்பையைத் தவறவிட்டிருந்தது. அந்தச் சோகத்தோடு மதுக்கடைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இதுவரை கவனித்தே இராத ஓர் ஆட்டத்திலிருந்து திருவிழாச் செய்தி வந்து சேர்ந்தது.

இதே நாளில்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றது என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் பாகிஸ்தான் பயிற்சியாளர் பாப் வூல்மர் ஹோட்டல் அறையில் இறந்தார். அதற்கு முன் ஐசிசியில் சின்ன அணிகளை வளர்க்கும் பொறுப்பில் பணியாற்றிய மனிதர் அவர். அயர்லாந்தின் மகிழ்ச்சியின் மேல் அந்த மரணத்தின் நிழல் விழுந்தது. வூல்மரை நினைக்காமல் அந்த வெற்றியைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

மார்ச் 21இல் ஜிம்பாப்வேயைப் பாகிஸ்தான் வென்றபோது அயர்லாந்தின் சூப்பர் எட்டு இடம் உறுதியானது. விடுப்பை நீட்டிக்கச் சொல்லி வேலை இடங்களில் வீரர்களே கேட்க வேண்டியிருந்தது. ரசிகர்களுக்கும் அதே பாடு. ஜமைக்காவோடு முடிய வேண்டிய பயணம் கயானா, பார்படோஸ், கிரெனடா என்று நீண்டது. ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வரும் குள்ளத் தேவதையைப் போலப் பச்சைத் தொப்பியும் செந்தாடியும் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஆடினார்கள், பாடினார்கள்.

அந்த உலகக் கோப்பையில் அவர்களது சத்தத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. டிக்கெட் விலை உள்ளூர் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சங்கு ஊதுவது, மேளம் கொட்டுவது, வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவது என்று கரீபியன் மைதானங்களின் உயிராக இருந்த எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. கடும் கண்டனத்துக்குப் பிறகே கெடுபிடி தளர்ந்தது. உள்ளூர்க்காரரை வெளியே நிறுத்திய அந்தப் பாதி காலியான மைதானங்களில், பெரிய அணிகளின் ரசிகர்களும் வராதபோது, கொண்டாட்டத்தைச் சுமந்தவர்கள் ஐரிஷ்காரர்கள். அது அவர்களுக்கு முற்றிலும் அந்நிய மண்ணும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆட்சியாளர் குரோம்வெல் காலத்தில் நாடு கடத்தப்பட்டும் ஒப்பந்தக் கூலிகளாகவும் ஐரிஷ்காரர்கள் பலர் பார்படோஸுக்கும் ஜமைக்காவுக்கும் வந்து சேர்ந்தார்கள். மான்செராட் தீவில் இன்றும் புனித பேட்ரிக் நாள் அரசு விடுமுறை; 1768இல் அதே நாளுக்கு அடிமைகள் திட்டமிட்ட கிளர்ச்சியின் நினைவும் அதில் சேர்ந்திருக்கிறது.

சூப்பர் எட்டில் தோல்விகளே அதிகம். ஆஸ்திரேலியாவிடம் 91 ரன், இலங்கையிடம் 77 ரன் என்று சுருண்டார்கள். கயானாவில் இங்கிலாந்து அணிக்காக எட் ஜாய்ஸ் எதிரில் வந்து நின்றபோது, ரேங்கின் அவரை 1 ரன்னில் கிளீன் போல்டாக்கினார். ஆனாலும் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துதான் வென்றது. தோற்ற ஆட்டங்களிலும் பாட்டு நிற்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வெற்றிக்காக மட்டும் வந்த கூட்டமாக இருந்திருந்தால் கிரெனடா வரை போயிருக்காது.

சொந்த ஊரிலும் காற்று மாறியிருந்தது. புனித பேட்ரிக் நாளுக்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 24 அன்று, கேலிக் சங்கத்தின் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் இங்கிலாந்து ரக்பி அணியை ஆட அனுமதித்து, அவர்களது தேசிய கீதத்தையும் அமைதியாக நின்று கேட்டார்கள் ஐரிஷ் மக்கள். 1920இல் பிரிட்டிஷ் படை துப்பாக்கிச் சூடு நடத்தி உயிர்களைப் பறித்த இடம் அது. அந்த மனமாற்றம் வந்திருக்காவிட்டால், கிரிக்கெட் வெற்றியை நாடு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்காது.

நான்கு ஆண்டு கழித்து பெங்களூரு. 2011 மார்ச் 2, சின்னசாமி மைதானம். இங்கிலாந்து 327. பதிலுக்கு முதல் பந்திலேயே கேப்டன் போர்ட்டர்ஃபீல்ட் போல்ட். 111 ரன்னுக்கு 5 விக்கெட். அப்போது உள்ளே இருந்தவர் கெவின் ஓ பிரையன். புற்றுநோய் நிதி திரட்டலுக்காகத் தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்தார். 50 பந்தில் சதம். உலகக் கோப்பையில் அதுவரை அவ்வளவு விரைவாக யாரும் அடித்ததில்லை. மறுமுனையில் 47 ரன் எடுத்து 162 ரன் கூட்டணிக்குத் துணை நின்றவர் அலெக்ஸ் குசாக். கேலிக் சங்கத்தைத் தொடங்கியவரின் அதே குடும்பப் பெயர். தற்செயல்தான், ஆனால் வரலாறு தெரிந்தவர்களுக்குச் சிலிர்ப்பூட்டும் தற்செயல். ஃபிங்கல் மண்ணின் ஜான் மூனி பவுண்டரி அடித்து வெற்றியை முடித்தார். பிளார்னி ஆர்மியின் எண்ணிக்கை அன்று சிறியது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் பெங்களூரு ரசிகர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்கள். சின்ன அணி ஒன்று துணிந்து நின்றால் அதன் பக்கம் சாயும் நல்ல குணம் நம்மூர் மைதானங்களுக்கு உண்டு.

அந்த வெற்றியின் ஈரம் காய்வதற்குள் அடி விழுந்தது. உலகக் கோப்பை முடிந்த இரண்டாவது நாள், ஏப்ரல் 4 அன்று மும்பையில் கூடிய ஐசிசி நிர்வாகக் குழு, 2015 உலகக் கோப்பையில் பத்து முழு உறுப்பு நாடுகள் மட்டுமே ஆடும் என்று அறிவித்தது. தகுதிச் சுற்றுகூட இல்லை. எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் மாதம் முடிவை மாற்றி 14 அணிகளுக்கு இடம் தந்தார்கள். 2019க்கு மட்டும் பத்து அணி என்பதில் உறுதியாக நின்றார்கள். 2007இல் இந்தியாவும் பாகிஸ்தானும் முதல் சுற்றில் வெளியேறியதால் ஒளிபரப்பு வருமானம் அடிவாங்கிய அச்சம் இந்த முடிவுகளின் பின்னால் இருந்தது என்பது கிரிக்கெட் உலகம் அறிந்தது. பெரிய அணி தோற்றதற்குச் சின்ன அணியைத் தண்டிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

2015இல் நியூசிலாந்தின் நெல்சன் நகரில் மேற்கிந்தியத் தீவுகளின் 304 ரன்னை 25 பந்து மீதம் இருக்கையில் துரத்தி முடித்தது அயர்லாந்து. தாய் அணிக்குத் திரும்பியிருந்த எட் ஜாய்ஸ் 84 அடித்தார். ஜிம்பாப்வேயையும் வென்று, ரன் விகிதத்தில் காலிறுதியை இழந்தார்கள். 2017 ஜூன் 22இல் ஆப்கானிஸ்தானுடன் சேர்ந்து டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. மறு ஆண்டு மே மாதம் டப்ளினை அடுத்த மலாஹைட் கிராமத்தில், தற்காலிகமாகக் கட்டிய இருக்கைகளுக்கு நடுவே பாகிஸ்தானோடு முதல் டெஸ்ட். முதல் நாள் முழுவதும் மழை. இரண்டாம் இன்னிங்ஸில் கெவின் ஓ பிரையன் 118. ஜாய்ஸ் ஆடிய ஒரே டெஸ்ட் அது.

டெஸ்ட் அந்தஸ்து வந்தது. உலகக் கோப்பை போனது. 2018 மார்ச்சில் ஹராரேயில் ஆப்கானிஸ்தானிடம் தோற்று 2019 வாய்ப்பு நழுவியது. 2023க்கான தகுதிச் சுற்றிலும் அதே முடிவு. இருபது ஓவர் உலகக் கோப்பையில் 2022இல் மெல்போர்னில் இங்கிலாந்தை 5 ரன்னில் வென்றார்கள். அந்த இங்கிலாந்துதான் பிறகு கோப்பையையே தூக்கியது. ஐம்பது ஓவர் உலகக் கோப்பையில் மட்டும் 2015க்குப் பிறகு அயர்லாந்துக் கொடி ஏறவில்லை. ஐந்து வாரம் தீவு தீவாகச் சுற்றிய கூட்டத்தின் பிள்ளைகள், தங்கள் அணியை அந்த மேடையில் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். எழுபதாண்டுத் தடையைத் தாண்டி எழுந்த ஒரு ரசிகர் கூட்டத்துக்கு ஐசிசி செய்த அநீதி இது.

2027இல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் உலகக் கோப்பையில் மீண்டும் 14 அணிகள் ஆடப்போகின்றன.